கையேட்டின் பிழையும் பிழையே

கருவியை ஆக்கியோர் அருகில் இல்லாதபோது அவர் சார்பில் பேசுவது கையேடு. களப்பணியாளரும் ஆசிரியரும் அதன் சொல்லையே நம்பிச் செயலாற்றுகின்றனர். ஆகவே கையேட்டில் உள்ள குறையை அச்சுப்பிழைபோல் எளிதாகக் கருதிவிடலாகாது. கணிப்பொறித் துறையில் நிகழ்ந்த ஒன்று இதற்குத் தக்க சான்றாகும்.

எந்த நிரலும் தானே வட்டில் எழுதுவதில்லை. இயங்குதளத்திடம் அப்பணியை ஒப்படைக்கிறது. இவ்வேண்டுகோளுக்கு 'அமைப்பு அழைப்பு' என்று பெயர். 'எஃப்சிங்க்' என்பது அவற்றுள் ஒன்று. நினைவகத்தில் தங்கியுள்ள தரவு வட்டை அடையும்வரை காத்திருந்து, வெற்றியையோ தவறையோ அறிவிப்பது அதன் கடமை. லினக்ஸ் கையேடு இதனைக் கூறிற்று. தவறு நேர்ந்தபின் அத்தரவு என்னவாகும் என்பதைத் தெளிவாகக் கூறவில்லை. மீண்டும் அழைத்தால் மீண்டும் எழுத முயலும் என்று கொள்வது இயல்பே. 'போஸ்ட்கிரெஸ்' என்னும் தரவுத்தளமும் ஏறத்தாழ 20 ஆண்டுகள் அவ்வாறே கொண்டிருந்தது.

2018ஆம் ஆண்டில் உண்மை வெளிப்பட்டது. எழுத இயலாமற்போன பகுதிகளையும் லினக்ஸ் எழுதப்பட்டவை போலவே குறித்துவிடும். இரண்டாம் அழைப்பின்போது எழுதவேண்டியது எதுவும் எஞ்சியிராமையால், 'வெற்றி' என்னும் விடை கிடைக்கும். அதனை நம்பித் தரவுத்தளம் தன் மீட்புக் குறிப்புகளை நீக்கிவிட்டால், இழந்ததைப் பெற வழியில்லை. 2019 பிப்ரவரியில் வெளியான பதிப்புகளில், தவறு நேர்ந்தவுடன் தரவுத்தளம் நின்று, அக்குறிப்புகளைக்கொண்டு தன்னைச் சீர்செய்துகொள்ளுமாறு மாற்றப்பட்டது.

இயங்குதளத்தையே திருத்திவிடலாகாதா எனச் சிலர் வினவலாம். லினக்ஸின் செயலுக்கும் காரணம் உண்டு. பயனர் யூ.எஸ்.பி. சேமிப்பியைக் கழற்றிச் சென்றபின், அதற்குரிய தரவை என்றென்றும் வைத்திருந்தால் நினைவகம் நிரம்பிவிடும். ஃபிரீபிஎஸ்டி இயங்குதளமோ எழுத இயலாமற்போன தரவைப் பொதுவாக எழுதப்படாததாகவே வைத்துக்கொள்கிறது. ஒரே பெயருடைய அழைப்பு ஈரிடத்தில் இருவேறாக நடக்கும்போது, அவ்வேறுபாட்டை உணர்த்தவேண்டியது கையேடே.

1971 நவம்பரில் வெளிவந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே 'குறைகள்' என ஒரு தலைப்பு இடம்பெற்றது. தம் கருவியின் குறையைத் தாமே எழுதிவைத்த அந்நேர்மை போற்றத்தக்கது. திருத்துவோர்க்கும் நெறி உண்டு. முதலில் சிறு சோதனையால் உண்மையை நிறுவுதல் வேண்டும். எந்தப் பதிப்பில், எந்த அமைப்பில் அவ்வாறு நடந்தது என்று குறித்தல் வேண்டும். பழைய கூற்றை ஓசையின்றி அழித்துவிடாமல், மாற்றத்தை யாவரும் அறியச் செய்தல் வேண்டும்.

பிழையை முதலில் காண்பவர் பெரும்பாலும் கருவியைக் கையாளுபவரே. கண்டதைத் தம் ஏட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டு அமைவது அவர்க்கு மட்டுமே பயன்தரும். கையேட்டைப் பேணுவோர்க்கு எழுதியனுப்புவதோ அவருக்குப் பின் வருவோர் அனைவருக்கும் பயன்தரும்.