உண்டியலில் போடும் முன் கணக்கைக் கேளுங்க!



ஜிப்மர், கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி ரெண்டும் நம்ம உழவர்கரையிலதான் இருக்கு. சிகிச்சைக்கு நிதி கேட்கும் பதிவுகளும் நம்ம குரூப்புகளுக்கு ஓயாம வருது. கொடுக்கிறது நல்ல மனசு. கணக்கு கேட்கிறது சந்தேகம் இல்ல, பொறுப்பு.

'80ஜி இருக்கு' என்றால், கொடுப்பவருக்கு வரிச்சலுகை கிடைக்கலாம், அவ்வளவுதான். பணம் நோயாளிக்குப் போய்ச் சேர்ந்ததுக்கு அது சான்று இல்ல. தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்க. வந்தது எவ்வளவு? சிகிச்சைக்குப் போனது எவ்வளவு? எத்தனை பேருக்குப் பலன்?

'நிர்வாகச் செலவே இல்ல'ன்னு சொன்னா மயங்காதீங்க. சம்பளம் கொடுக்காம நல்ல நர்ஸ் கிடைக்க மாட்டாங்க. பலனைப் பாருங்க.

1976-ல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கையோட தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. பணம் கட்டுறவங்க தரும் வருமானத்தில் ஏழைகளுக்கு இலவச அறுவை சிகிச்சை. 1992-ல் ஆரோலேப் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கிற லென்ஸையும் தாங்களே தயாரிச்சு விலையைக் குறைச்சாங்க. இன்னிக்கு நம்ம தவளக்குப்பத்திலும் அந்த மருத்துவமனை இருக்கு. உண்டியல் குலுக்காமலே பார்வை கொடுக்க முடியும்னு காட்டினவங்க அவங்க.

இன்னொண்ணு: ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. உதவி கேட்டு வர்றவங்களுக்கு முதல்ல அந்த வழியைக் காட்டுங்க.

மருத்துவம் தர்மம் அல்ல, உரிமை. அறக்கட்டளையிடம் கேட்கும் அதே கணக்கை அரசிடமும் கேட்போம்!

– தகவல் தொழில்நுட்ப அணி, உழவர்கரை
#கணக்கைக்_கேளுங்க