வேலை கேட்டு வருவோரின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாட்டில் தொழிற்சாலை, மென்பொருள் நிறுவனம், தனியார் பள்ளி, மருத்துவமனை, கடை நடத்தும் அனைவருக்கும், வேலை தேடும் நாங்கள் வைக்கும் கோரிக்கைகள்.

முதலாவது, பதில் சொல்லுங்கள். "சொல்லி அனுப்புகிறோம்" என்று அனுப்பிவிட்டு வாய் திறக்காமல் இருப்பது இனி வேண்டாம். அதை நம்பிக் கையில் இருந்த வேறு வேலையை விட்டவர்கள் எங்களில் உண்டு. நேர்காணல் முடிந்த பத்து நாட்களுக்குள் உண்டா இல்லையா என்று தெரிய வேண்டும். இல்லையென்றால் எதில் குறை என்பதும் தெரிய வேண்டும். ஹெச்.ஆர். பிரிவே இல்லாத சிறு பட்டறைகளிடம் நாங்கள் கடிதம் கேட்கவில்லை. வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி போதும்.

வாக்-இன் என்ற பெயரில் கூட்டம் சேர்க்காதீர்கள். தேனியில் இரவுப் பேருந்து ஏறும் பையன் கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கேயே முகம் கழுவி, பையில் மடித்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்குள் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வந்து நிற்கிறான். டோக்கன் கொடுத்து மூன்று மணி வரை உட்காரவைத்த பிறகு, அந்த இடம் நேற்றே நிரம்பிவிட்டது என்கிறார்கள். அவன் வந்துபோகும் செலவு வீட்டில் ஒருவருடைய ஓரிரு நாள் கூலி. முதல் சுற்றை போனில் முடியுங்கள். நேரில் கூப்பிட்டால் நேரம் குறித்துக் கூப்பிடுங்கள், வெளியூர்க்காரருக்குப் பயணப்படி கொடுங்கள்.

எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். வேலைக்குத் தேவையானவற்றை முன்கூட்டியே எழுதிவைத்து, கேட்பவர்கள் தனித்தனியாக மதிப்பெண் போட்டுவிட்டுப் பிறகு கலந்து பேசட்டும். ஷ்மிட், ஹண்டர் என்ற உளவியலாளர்கள் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998-ல் வெளியிட்ட கட்டுரை, போகிற போக்கில் பேசிப்பார்ப்பதைவிட இந்த முறையே ஆளைச் சரியாகக் கணிக்கிறது என்று காட்டியது. 2022-ல் சாக்கெட் குழுவினர் மறுபடி கணக்கிட்டபோது, தேர்வு முறைகளில் இதுவே முதலிடத்துக்கு வந்தது. இது உங்களுக்கும் லாபம்தான்.

எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார் என்று வளைத்து வளைத்துக் கேட்பது எதைத் தெரிந்துகொள்ள என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் கேள்விகள் அடியோடு ஒழிய வேண்டும்.

பெண்களிடம் கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது என்று கேட்பதும் அப்படித்தான். ஸ்ரீபெரும்புதூர் ஆலை ஒன்றில் மணமான பெண்களைச் சேர்ப்பதில்லை என்று 2024-ல் செய்தி வெளியாகி, மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்கும் வரை போனது. ஆளெடுப்பில் பெண் என்பதற்காகப் பாகுபாடு கூடாது என்று 1976-லேயே சம ஊதியச் சட்டம் சொல்லிவிட்டது. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது.

"சம்பளம் தகுதிக்கேற்ப" என்று விளம்பரம் போடாதீர்கள். எத்தனையிலிருந்து எத்தனை வரை என்று எழுதுங்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 முதல் இது சட்டம். பழைய சம்பளச் சீட்டையும் கேட்காதீர்கள். முதல் வேலையில் குறைவாக வாங்கியவர் ஒவ்வொரு வேலையிலும் அந்தக் குறைவையே சுமக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் 'டாஸ்க்' கொடுத்தால் அதற்குக் கூலி கொடுங்கள். மாற்றுத்திறனாளி வருகிறார் என்றால் மாடிப்படிக்கு மாற்று வழி செய்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

ஆஃபர் லெட்டரில் சேரும் தேதி இருக்க வேண்டும். 2022-ல் படிப்பு முடித்த பொறியியல் பட்டதாரிகள் பலர் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்கள். வங்கிக் கல்விக்கடன் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. தேதி தள்ளிப்போனால் அன்றிலிருந்து பாதிச் சம்பளமாவது கொடுங்கள். தள்ளிவைத்த காலத்தில் வேறு வேலைக்குப் போனவரிடம் பாண்டுப் பணம் கேட்கக் கூடாது.

ஒரிஜினல் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு அன்றே திருப்பிக் கொடுங்கள். அதை வாங்கிப் பீரோவில் பூட்டிவைக்கும் பள்ளி, கல்லூரி நிர்வாகங்கள் மீதும், வேலைக்கு முன்பணம் பிடுங்கும் கன்சல்டன்சிகள் மீதும் தொழிலாளர் துறை புகாருக்குக் காத்திராமல் தானே நடவடிக்கை எடுக்க வேண்டும்.