குறை சொன்ன நண்பர்கள்



கம்ப்யூட்டர் கேம் என்றால் உங்களுக்கு உயிர் அல்லவா? 'விளையாடாதே' என்று நான் இன்று அறிவுரை சொல்லப் போவதில்லை. மாணவர்கள் சேர்ந்து உருவாக்கிய ஒரு பழைய கேமை எடுத்து, விடைத்தாள் திருத்துவது போல நிறை, குறை பார்க்கப் போகிறேன்.

அதன் பெயர் 'ஸ்பேஸ்வார்'. அமெரிக்காவில் உள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், 1962ம் ஆண்டு உருவானது. அங்கே படித்த மாணவர்களும், வேலை பார்த்த இளைஞர்களும் சேர்ந்து செய்தார்கள். முதலில் எழுதியவர் ஸ்டீவ் ரஸ்ஸல். அவர்களுக்குக் கிடைத்த 'பி.டி.பி.-1' கம்ப்யூட்டர் கிட்டத்தட்ட மூன்று பிரிட்ஜ் அளவு இருக்கும். விலையோ ஒரு லட்சம் டாலருக்கும் மேல்!

ஆட்டம் மிக எளிது. வட்டமான திரையில் இரண்டு விண்கலங்கள். ஆளுக்கு ஒன்று. கலத்தைத் திருப்பி, நகர்த்தி, குண்டு வீசி எதிராளியை வீழ்த்த வேண்டும். சீக்கிரமே முடிந்துவிடும் சின்ன ஆட்டம்.

முதலில் இதில் குறைகள் நிறைய. கலங்கள் சும்மா மிதந்து கொண்டிருந்தன, சவால் போதவில்லை. டான் எட்வர்ட்ஸ் என்ற நண்பர், நடுவில் ஒரு நட்சத்திரத்தை வைத்து, அதற்கு ஈர்ப்பு விசையும் கொடுத்தார். அசந்தால் கலம் அதில் விழுந்து அழியும். அதன் பிறகு ஆட்டம் சூடுபிடித்தது!

பின்னணி வானத்தில் புள்ளிகள் கண்டபடி சிதறிக் கிடந்தன. பீட்டர் சாம்சன் என்ற மாணவருக்கு அது பிடிக்கவில்லை. வரைபடத்தைப் பார்த்து உண்மையான விண்மீன்களையே திரையில் கொண்டு வந்தார்.

கம்ப்யூட்டரில் இருந்த சுவிட்சுகளைத் தட்டித்தான் ஆட வேண்டும். முழங்கை வலித்தது. திரை ஒரு பக்கமாக இருந்ததால், ஒருவருக்கு மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஆலன் கோட்டக்கும் பாப் சாண்டர்ஸும் ஆளுக்கொரு கட்டுப்பாட்டுப் பெட்டி செய்து, அதையும் சரிசெய்தார்கள்.

சரி, என் திருத்தலுக்கு வருவோம். ஈர்ப்பு விசையை விளையாட்டாகவே புரியவைத்தது பெரிய நிறை. சுமார் 9 கிலோபைட் நினைவகத்தில் இத்தனையும் அடக்கியது அதைவிடப் பெரிது. குறைகள்? நட்சத்திரம் கலத்தை இழுக்கிறது, குண்டை இழுப்பதில்லை! அவ்வளவு கணக்கை வேகமாகப் போட அந்தக் கம்ப்யூட்டரால் முடியவில்லை. தனியாக ஆட வழியில்லை; கட்டாயம் இரண்டு பேர் வேண்டும். சுட்டு வீழ்த்துவதைத் தவிர வேறு வேலையும் இல்லை. ஆகவே நூற்றுக்கு எண்பது.

ஆனால், அந்த நண்பர்களுக்கு நூற்றுக்கு நூறு தருவேன். 'நல்லாவே இல்லை' என்று சிரித்துவிட்டுப் போகாமல், எது சரியில்லை என்று பார்த்து, உட்கார்ந்து சரிசெய்தார்களே! ரஸ்ஸலும் 'என் கேமில் கை வைக்காதே' என்று தடுக்கவில்லை. அதனால்தான் அந்தச் சின்ன ஆட்டம் பல கல்லூரிகளுக்குப் பரவியது. பிற்காலத்தில் காசு போட்டு ஆடும் கேம்களுக்கும் அது வழிகாட்டியது.

ஆசிரியராக இருந்தபோது நானும் பல நோட்டுகளில் சிவப்பு மையால் தப்பைச் சுழித்ததோடு நிறுத்தியிருக்கிறேன். எப்படித் திருத்துவது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது.

அதே கழகத்தில் உருவான 'ஸ்கிராட்ச்' மூலம் இன்று உங்களில் பலர் சொந்தமாகக் கேம் செய்கிறீர்கள். நாளை உங்கள் தோழி ஒருத்தி, தான் செய்த கேமை ஆசையோடு காட்டலாம். நீங்கள் கேலி செய்தால், அவள் அடுத்த கேமைச் செய்யாமலே விட்டுவிடக் கூடும். முதலில் பிடித்ததைச் சொல்லுங்கள். பிறகு குறையைச் சொல்லுங்கள். அப்படியே, 'வா, சேர்ந்து சரிசெய்வோம்' என்று பக்கத்தில் உட்காருங்கள்.

செய்வீர்கள்தானே, செல்லங்களே?