புல்வெளிக்கும் ஒரு கணக்கு வேண்டும்

பழனி மலையின் மேல்தட்டு, பள்ளங்களில் சோலையும் சரிவுகளில் புல்லுமாக இருந்த நிலம். தோல் பதனிடப் பட்டையும் ஆலைகளுக்குக் கூழ்மரமும் தேவைப்பட்ட காலத்தில், மரமில்லாத அந்தச் சரிவுகள் அதிகாரிகளின் கண்ணுக்குத் தரிசாகவே தெரிந்தன. வாட்டில், யூகலிப்டஸ், பைன் என்று தோப்புகள் ஏறின. 1973 முதல் 2014 வரையிலான மாற்றத்தைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அளந்த ஆய்வின்படி, 373 சதுர கிலோமீட்டராக இருந்த புல்வெளி 124 ஆகச் சுருங்கியது. 18 சதுர கிலோமீட்டராக இருந்த தோப்பு 217 ஆகப் பெருகியது. இவ்வளவு பெரிய இழப்பு ஏன் பேசப்படவில்லை? நம் கணக்கு முறை அதை இழப்பாகவே காட்டுவதில்லை. குறைந்தது ஒரு ஹெக்டேரில் 10 சதவீதம் மரக்கவிகை இருந்தால் போதும், எந்த மரமானாலும் அது வனப்பரப்பு என்கிறது இந்திய வன ஆய்வு நிறுவனம். அந்த நிறுவனத்தின் வரைபடத்தில் புல்வெளி காடாகாது. அதை அழித்து நட்ட வாட்டில் தோப்பு காடாகிவிடும். வரையாடு மேய்ந்த, குறிஞ்சி பூத்த சரிவு போனதும் பசுமை கூடியதாகப் பதிவாகிறது. இது தவறான கணக்கு.

மரம் இருந்தால்தானே தண்ணீர் என்பார்கள். நீலகிரியின் கிளென்மார்கனில் நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டு அளந்தபோது, புல்வெளியில் யூகலிப்டஸ் நட்ட பிறகு ஓடையின் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. பழனி மலை ஓடைகள் அமராவதிக்கும் வைகைக்கும் போகின்றன. அவற்றில் நீர் குறைந்தால் தவிப்பது கீழே உள்ள வயல்கள்தான்.

அப்படியானால் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிடலாமே என்ற குரலும் எழுகிறது. அதுவும் சரியல்ல. வாட்டில் விதை மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெளிச்சம் விழுந்தாலோ தீப்பட்டாலோ கூட்டம் கூட்டமாக முளைக்கும். இன்னொரு பக்கம், பழைய தோப்புகள் சிலவற்றின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே எழுகின்றன; அங்கே கோடரி வைத்தால் கன்றுகளும் நசுங்கும், சரிவும் அரிக்கும். மலைமக்களின் அடுப்புக்கு விறகு தருவதும் இதே வாட்டில்தான் என்பதை மறக்கக் கூடாது. ஆகவே முதலில், மிஞ்சியிருக்கும் புல்வெளியின் ஓரங்களில் பரவும் இளங்கன்றுகளைப் பிடுங்க வேண்டும். முதிர்ந்த தோப்புகளைப் பிறகு, இடத்துக்கு இடம் பார்த்துத் தீர்மானிக்கலாம். அதற்கு எது சோலை, எது புல், எது தோப்பு என்று பிரித்துக் காட்டும் வரைபடம் தேவை. வனத்துறை அதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மரம் நடும் இலக்குகளிலிருந்து மலைப் புல்வெளிகளுக்கு விலக்கும் அளிக்க வேண்டும்.