சுவரில் முளைத்த சாட்சி

போன வருஷம் ஐப்பசி மழை நின்ற பிறகு, எங்கள் வீட்டுப் பின்சுவரில் ஓர் அரசங்கன்று முளைத்தது. மண் இல்லை, எரு இல்லை, தண்ணீர் ஊற்றியவர் யாரும் இல்லை. செங்கல்லுக்கும் காரைக்கும் நடுவே கத்தி முனை நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்கு. அதிலே நாலு இலைகள், துளிக் காற்றுக்கும் சிலுசிலுவென்று ஆடிக்கொண்டு, ஏதோ பட்டா வாங்கிக் குடியேறியதைப் போல் நின்றன.

அதை முதலில் பார்த்தவர் என் நண்பர், ஓய்வு பெற்ற இன்ஜினீயர். பார்த்த மாத்திரத்தில் அவர் முகம் மாறிவிட்டது. "இதை இன்னுமா விட்டு வைத்திருக்கிறீர்கள்? இன்றைக்கே திராவகம் ஊற்றுங்கள். பத்து வருஷத்தில் சுவரையே பிளந்துவிடும்" என்றார்.

இரண்டாவதாகப் பார்த்தவள் என் கதைகளை விடாமல் படிக்கும் ஒரு கல்லூரி மாணவி. அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "இதுக்கு எவ்வளவு தன்னம்பிக்கை சார்! இதை வைத்து நீங்கள் ஒரு கதை எழுத வேண்டும்" என்றாள்.

மூன்றாவதாக வந்தவர் குழாய் ரிப்பேர் செய்பவர். வேறு வேலைக்கு வந்தவர், அண்ணாந்து ஒரு தடவை பார்த்தார். "சார், செடியைப் பிடுங்கி என்ன ஆகப்போவுது? மொட்டை மாடித் தொட்டியிலேருந்து இறங்குற குழாய் சுவருக்குள்ளே கசியுது. அந்த ஈரத்துக்குத்தான் வந்திருக்கு. அதைப் பாருங்க முதல்லே" என்றார்.

மூன்று பேரில் செடியைப் பற்றி அதிகம் பேசாதவர் இவர்தான். செடி சொன்னதைக் கேட்டவரும் இவர் ஒருவர்தான்.

அன்று முதல் எனக்கு ஒரு கோபம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். முளைக்கக் கூடாத இடத்தில் முளைக்கும் செடியைக் கண்டால் நாம் இரண்டே காரியங்கள் செய்கிறோம். ஒன்று, அதைக் கொல்லுகிறோம். அல்லது அதைப் பார்த்து உருகுகிறோம். அது எதற்கு அங்கே வந்தது என்று கேட்பது மட்டும் கிடையாது. ஏன் என்றால், கேட்டால் பதில் நம்மைப் பற்றியதாக இருக்கும்.

உருகுகிற கூட்டத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். இடிந்த சுவரில் ஒரு தளிரை முளைக்க வைத்து அத்தியாயத்தை முடிக்கும் வித்தை எனக்குத் தெரியும், செய்தும் இருக்கிறேன். கதாநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தத் தளிரைப் பார்ப்பாள். வாசகரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஆனால் அரசங்கன்றுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. மைனாவோ காகமோ அரசம்பழத்தைத் தின்றுவிட்டுச் சுவரில் எச்சமிடுகிறது. எச்சத்தில் கடுகைக் காட்டிலும் சிறிய விதை. ஈரம் கிடைத்த இடத்தில் அது முளைக்கிறது. இதில் தன்னம்பிக்கை எங்கே இருக்கிறது? இருப்பது ஒரு கசிவும் ஒரு விரிசலும்.

கோபுரங்களைப் பாருங்கள். எத்தனை ஊர்க் கோபுரங்களில் சுதைப் பொம்மையின் தோளில் அரசும் ஆலும் நிற்கின்றன! கீழே நின்று, "கல்லிலும் உயிர் துளிர்க்கிறது, பார்த்தீர்களா?" என்று சிலாகிப்பவர் உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவது நம் வழக்கம். ஆள் உயரத்துக்கு அரசு வளர்ந்திருக்கிறது என்றால், அந்த வழக்கம் எப்போதோ கைவிடப்பட்டது என்று அர்த்தம். கோபுரத்தின் மேல் ஓர் அரசு வளர்ந்திருந்தால், கீழே இன்னோர் அரசு தூங்கியிருக்கிறது. சிலேடைக்காகச் சொல்லவில்லை; கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

இனி, கொல்லுகிற கூட்டம். இவர்களுக்கு அகப்பட்ட பெரிய குற்றவாளி சீமைக் கருவேல மரம். வேலிக்கருவை என்றும் வேலிகாத்தான் என்றும் சொல்கிறார்களே, அதுதான். இது மத்திய அமெரிக்க, தென் அமெரிக்கப் பிரதேசத்து மரம். தானாகக் கப்பலேறி வரவில்லை. 1877-ம் வருஷம், பழைய சென்னை ராஜதானியில், கடப்பை ஜில்லா கமலாபுரத்தில் கொண்டுவந்து நட்டார்கள். வறண்ட நிலம் பசுமையாகும், விறகுக்கு ஆகும் என்று பிறகும் ஊர் ஊராகப் பரப்பினார்கள். வேலிகாத்தான் என்ற பெயரே நாம் அதற்குக் கொடுத்த உத்தியோகத்தின் பெயர். காவலுக்கு வைத்தவனைத்தான் இன்றைக்குத் திருடன் என்கிறோம்.

அதன்மேல் சாட்டும் குற்றங்களில் சில உண்மை. கண்மாய்க்குள் காடாக மண்டிவிடுகிறது. வரத்துக் கால்வாயை அடைக்கிறது. தன் அடியில் புல்லையும் சிறு செடிகளையும் வளர விடுவதில்லை. முள் குத்தினால் சீழ் வைக்கிறது. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் இத்துடன் நிற்கிறார்களா? காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சி மழையைத் தடுக்கிறதாம். அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகிறதாம். எந்தப் பறவையும் அதில் கூடு கட்டாதாம். கைபேசியில் சுற்றி வரும் இந்தப் புராணங்களைப் படித்தவர்கள்தான் அதிகம் நம்புகிறார்கள். முதல் இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. மூன்றாவதற்கு, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களில் கருவை மரத்தில் குடித்தனம் நடத்தும் நாரையும் கொக்கும் பதில் சொல்லும்.

பரமக்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு இளைப்பாறிக்கொண்டிருந்த ஒரு கிழவியிடம் நான் இந்த அறிவையெல்லாம் எடுத்துச் சொன்னேன்.

"ஏன் ஆத்தா, இந்த மரம்தானே உங்கள் கண்மாயைக் கெடுத்தது?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தம்பி, கம்மா நெறஞ்சு கெடந்த காலத்துல இது கரைக்கு அங்கிட்டுத்தான் நின்னுச்சு. தண்ணி வரத்து நின்னு போச்சு. மடை தூந்து போச்சு. ஒருத்தரும் எட்டிப் பாக்கலே. அப்புறமாத்தான் உள்ளே வந்துச்சு. இது வரலேன்னா எங்க அடுப்பு எரிஞ்சிருக்காது, தம்பி" என்றாள்.

எத்தனையோ கருத்தரங்குகளில் நான் கேட்காத உண்மை இது. உழுது விதைக்கும் வயலில் கருவை தலையெடுப்பதில்லை. மாதக் கணக்கில் தண்ணீர் நிற்கும் கண்மாயில் அதன் பிஞ்சுச் செடி பிழைப்பது கடினம். ஆடும் மாடும் இனிப்பான அதன் நெற்றைத் தின்று விதையைச் சாணத்தோடு எங்கும் போட்டுவிட்டுப் போகின்றன. ஆனால் அது காடாவது நாம் கைவிட்ட இடத்தில். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று சுமார் 39,000 இருக்கின்றன. ஊர் கூடித் தூர் வாரிய குடிமராமத்து எப்போது தேய்ந்தது, வரத்துக் கால்வாயில் யார் யார் வேலி போட்டார்கள் என்ற கதையைக் கருவை நமக்காகப் பச்சை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறது. கண்மாய் வறண்டதற்குக் கருவை காரணம் என்பது, பிணத்தருகே நிற்பவனெல்லாம் கொலைகாரன் என்பது போல.

மழை பொய்த்த வருஷங்களில் அந்தச் சீமை பிழைத்தது எதனால்? கரிமூட்டத்தால். நெல் கைவிட்டபோது கருவைக்கரி கஞ்சி ஊற்றியது. அதைக் "கேடுகெட்ட மரம்" என்று திட்டும் நம்மில் எத்தனை பேர் அந்தக் கரியில் சுட்டதை ஓட்டலில் ருசித்துச் சாப்பிட்டிருப்போமோ!

2016-ம் வருஷக் கடைசியில், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் இந்த மரத்தை அகற்றும்படி உத்தரவிட்டது. ஊரே கிளம்பிற்று. மண் அள்ளும் யந்திரங்கள் உறுமின; மாணவர்கள் அரிவாளுடன் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். சரியாக ஆராயாமல் இப்படி வெட்டலாமா என்ற வழக்கில் 2017-ல் இடைக்காலத் தடை வந்தது. 2022-ல் அயல் தாவரங்களை அகற்ற அரசாங்கம் ஒரு கொள்கையும் வகுத்தது. கொள்கை இருக்கட்டும். வேரோடு எடுக்காமல் மேலே வெட்டினால் என்ன ஆகும் என்பது விறகு வெட்டுகிற எவருக்கும் தெரியும். ஒரு தண்டு இருந்த இடத்தில் அடுத்த மழைக்குள் நாலு தண்டு நிற்கும். வெட்டின சந்தோஷத்தில் நாம் வீடு திரும்பிவிடுவோம். தூர்ந்த மடை தூர்ந்தபடியே கிடக்கும்.

ஆகாயத்தாமரையின் கதையும் இதேதான். தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி. வங்காளத்தில் அதை ஒழிப்பதற்கென்று 1936-ல் ஒரு சட்டமே போட்டார்கள். சட்டம் பழங்காகிதமாகிவிட்டது, செடி செழிப்பாக இருக்கிறது. சாக்கடையை ஏரியில் திருப்பிவிட்டு, அந்தச் சத்தைத் தின்று கொழுக்கும் செடியை வருஷா வருஷம் யந்திரம் வைத்து வாரிக் கொட்டுகிறோம். ஒரு கையால் சோறு போட்டுக்கொண்டு மறு கையால் அடிப்பதற்குப் பெயர் தூய்மைப் பணி!

வெளி தேசத்தில் நடந்த இரண்டு சங்கதிகளைப் பாருங்கள். 1940-41-ல் லண்டன்மேல் ஜெர்மானியர் குண்டு வீசினார்கள். இடிந்து கரிந்த மனைகளில் வில்லோஹெர்ப் என்னும் செவ்வூதாப் பூச்செடி மண்டிற்று. குண்டுக்களை என்று அதற்கு ஜனங்கள் பெயர் வைத்தார்கள். ஸாலிஸ்பரி என்ற தாவர நூல் அறிஞர் குண்டு விழுந்த இடங்களில் முளைத்தவற்றையெல்லாம் ஆராய்ந்து 1943-ல் எழுதினார். 1945-ல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது. சில வாரங்களில் சாம்பலுக்குள்ளிருந்து பச்சை கிளம்பிற்று. நகரத்தின் நட்ட நடுவே அமோகமாக முளைத்தது தகரை இனச் செடி என்று ஜான் ஹெர்ஸி 1946-ல் எழுதிய 'ஹிரோஷிமா'வில் சொல்கிறார். நம் ஊர்ச் சாலையோரத்தில் மழைக்கு முளைத்து மஞ்சளாகப் பூக்கிறதே, அந்தத் தகரையின் குடும்பம்.

நான் கேட்கிறேன்: லண்டனை அழித்தது பூச்செடி என்று யாராவது சொன்னார்களா? ஹிரோஷிமாவைத் தகரை நாசமாக்கியது என்று யாராவது வழக்குப் போட்டார்களா? சொன்னால் சிரிப்போம். ஆனால் ராமநாதபுரத்துக் கண்மாயைக் கருவை அழித்தது என்று சொல்லும்போது மட்டும் தலையாட்டுகிறோம். அங்கே குண்டு போட்டவன் வேற்றானாக இருந்தான். இங்கே குண்டு போட்டவர்கள் நாமே. வித்தியாசம் அவ்வளவுதான்.

"நாம்" என்றால் கிராமத்தான் என்று எண்ணி வாசகர்கள் நிம்மதி அடைய வேண்டாம். சென்னைத் தியாகராய நகர் 1920-களில் ஒரு பெரிய ஏரியை வடித்துவிட்டு எழுப்பிய நகர். மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. பார்ப்பதற்கு லேக்தான் இல்லை. அந்த ஏரியை எந்தக் கருவை ஆக்கிரமித்தது? அதற்குப் பின்னும் ஏரிக்குள் மனை வாங்கி, கிரகப் பிரவேசத்துக்குப் பத்திரிகை அடித்தவர்கள் யார்? எனக்குத் தெரிந்த வரையில், நிலத்தைப் பத்திரம் பதிந்துகொண்டு ஆக்கிரமிக்கும் களை ஒன்றுதான் உண்டு.

"அப்படியானால் களையெல்லாம் வளரட்டும் என்கிறீரா?" என்று யாராவது கேட்கலாம். இல்லை. கண்மாய்க்குள் நிற்கும் கருவையை எடுக்கத்தான் வேண்டும், வேரோடு எடுக்க வேண்டும். ஆனால் எடுப்பதற்கு முன்னால் அது ஏன் வந்தது என்று கேளுங்கள். எடுத்த கையோடு மடையைச் செப்பனிடுங்கள். வரத்துக் கால்வாயைத் திறந்து விடுங்கள். கரிமூட்டத்தை நம்பியிருப்பவனுக்கு வேறு ஜீவனம் காட்டுங்கள். அந்தக் கிழவியின் அடுப்புக்கு வழி சொல்லுங்கள். இதில் ஒன்றும் செய்யாமல் மரத்தை மட்டும் வெட்டுகிறவன் கண்மாயைக் காப்பாற்றவில்லை. தன் குற்றத்துக்கு இருந்த ஒரே சாட்சியைத் தீர்த்துக் கட்டுகிறான்.

என் வீட்டு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். குழாய்க்காரர் சுவரை உடைத்துப் பார்த்தார். உள்ளே இணைப்பு ஒன்று துருப்பிடித்து, வருஷக் கணக்காகக் கசிந்து, செங்கல் இரண்டு வரிசை மாவாகியிருந்தது. அரசங்கன்று காட்டிக் கொடுத்திராவிட்டால், இன்ஜினீயர் நண்பர் பயந்தபடி சுவர் விழுந்துதான் இருக்கும். பழி மரத்தின் பேரில் போயிருக்கும். குழாயை மாற்றினோம். செங்கல்லோடு பெயர்ந்து வந்த கன்றைக் குழாய்க்காரர் தமது ஊர்க் கண்மாய்க் கரையில் வைப்பதாகச் சொல்லி வாங்கிப் போனார்.

கதை எழுதச் சொன்ன மாணவி மறுபடி வந்தபோது, "ஐயோ, செடியை எடுத்துவிட்டீர்களா?" என்று வருத்தப்பட்டாள். சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டுப் பார்த்தாள். உலர்ந்திருந்தது.