மல்லிகை விலையும் முருகன் அஸ்வினும்

ஐபிஎல் ஏலம் முடிந்ததும் டீக்கடையில் ஒரு தீர்ப்பு வரும் மக்களே: "விலை இறங்கிருச்சு, ஆளு அவ்வளவுதான்!" சுத்த அபத்தம்.

முருகன் அஸ்வினையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு லெக் ஸ்பின்னர், டிஎன்பிஎல்லில் மதுரை பேந்தர்ஸுக்கு ஆடியவர். 2016 ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம். புனே கொடுத்தது 4.5 கோடி. 2017-ல் டெல்லி, 1 கோடி. 2018-ல் பெங்களூரு, 2.2 கோடி. 2019-ல் பஞ்சாப், வெறும் 20 லட்சம். 2022-ல் மும்பை, 1.6 கோடி. 2023-ல் ராஜஸ்தான், மறுபடி 20 லட்சம். எட்டு சீசனில் ஆறு டீம்!

விலைதான் திறமை என்றால் ஒரு கேள்வி. 4.5 கோடி கொடுத்த புனே ஒரே சீசனில் விட்டது. 20 லட்சத்துக்கு எடுத்த பஞ்சாப் மூன்று சீசன் வைத்திருந்தது. எப்படி?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கேளுங்கள், சொல்வார்கள். முகூர்த்த நாளில் மல்லிகை விலை எகிறும், முகூர்த்தம் முடிந்தால் விழும். மணமா மாறியது? வாங்குகிறவன் தேவை மாறியது. பி.காம் முதல் வருஷப் பாடம் இது! இரண்டு டீம் போட்டி போட்டால் கோடி. ஒரே டீம் கை தூக்கினால் அடிப்படை விலை.

பெரிய கொடுமை வேறு. எந்த டீம் என்று தேர்ந்தெடுக்க ஏலத்தில் ஆட்டக்காரருக்கு உரிமை கிடையாது. சீசன் முடிந்ததும் கழற்றிவிட டீமுக்கு உரிமை உண்டு. ஆனால் "நிலையா ஒரு டீம்ல இல்லையே" என்ற பழி மட்டும் அவருக்கு!

ஆறு டீம் விட்டதை எண்ணுகிறவர்களே, ஆறு டீம் கூப்பிட்டதையும் எண்ணுங்கள். கணக்கு என்றால் இரண்டு பக்கமும் எழுத வேண்டும்.