இழுப்பும் பரம்பரைப் பழியும்

கண்டி மாநகர் மலைகளாற் சூழப்பட்டது. வாவிக்கரைக் குளிர்மையை நுகர்ந்து செல்லும் விருந்தினர் இதன் காற்றைப் புகழ்வர். வாகனப் புகை விரைந்து வெளியேறாது இப்பள்ளத்திலே தங்குவதை அறிந்தவர் நாம். ஈரச்சுவரின் பூஞ்சணம், மெத்தையிலுள்ள தூசிச் சிற்றுண்ணி, லயன் அடுப்படியின் விறகுப் புகை ஆகியன யாவும் ஆஸ்துமாவுக்குப் பகையாவன. தேயிலைத் தூசியும் விலக்கன்று. தேயிலைத் தொழிற்சாலையிற் பணிபுரிவோர்க்கு வரும் ஆஸ்துமாவைப் பற்றி எமது நாட்டு வைத்தியர் சி. ஜி. உரகொட 1970இல் பிரித்தானிய ஏடொன்றில் எழுதினார்.

இவ்வாறிருக்க, எம்மவர் கூறுவது யாது? "அது அவர்கள் பரம்பரை" என்பதே. கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டிலே மருந்துப் பம்பு அலுமாரிக்குள் ஒளிகின்றது! இப்பேச்சிற் பாதி உண்மை; மறுபாதி பெருந்தீங்கு.

உடலின் காவற்படையாகிய வெண்குழியங்களுள் ரி வகை நிணநீர்க்குழியம் என்பது ஒன்று. அதன் கருவினுள்ளே காட்டா 3 என்னும் புரதம் ஓங்குமாயின், உறங்கிக் கிடந்த சில பரம்பரையலகுகள் விழித்தெழும். அவற்றின் ஏவலால் இன்டர்லூக்கின் 4, 5, 13 என்னும் தூதுப் புரதங்கள் புறப்படும். முதலாவது, இஷிசாகா தம்பதியர் 1966இல் வெளிப்படுத்திய ஐஜிஈ என்னும் பிறபொருளெதிரியைப் பெருக்கத் தூண்டும்; அடுத்தது இயோசினோபில் வெண்குழியங்களைத் திரட்டும்; மற்றது சுவாசக்குழாயிற் சளியை மிகுவிக்கும். பின்னர்ச் சிறு தூசி பட்டாலும் மாஸ்ட் கலங்கள் ஹிஸ்டமினைக் கொட்ட, குழாய் சுருங்கி மூச்சு இழுக்கும்.

பரம்பரையலகு பிறப்போடு வருவதுதான். எனினும் அது விழிப்பதும் உறங்குவதும் நாம் சுவாசிக்கும் காற்றையும் வாழும் வீட்டையும் பொறுத்தன. ஒரே பரம்பரையலகுகளைப் பெற்ற ஒத்த இரட்டையருள் ஒருவர்க்கு ஆஸ்துமா வர, மற்றவர்க்கு வராதிருத்தலும் உண்டு. இதனை விதி என்பது எங்ஙனம் பொருந்தும்?

மருந்தும் இவ்விடத்திலேயே தொழிற்படுகின்றது. உறிஞ்சும் ஸ்டீரொயிட் மருந்து கலத்தினுட் புகுந்து, அழற்சியை மூட்டும் பரம்பரையலகுகளை அடக்குகின்றது. அதற்கு நாட்கள் செல்லும். ஆதலின் இழுப்பு இல்லாத நாளிலும், வைத்தியர் விதித்தபடி, அதனை எடுத்தல் வேண்டும். உடன் சுகந்தரும் மற்றப் பம்போ தசையைச் சில மணி நேரம் தளர்த்துவது மாத்திரமே. எம்மவர் பின்னதைக் கொண்டாடி, முன்னதை "பழகினால் விடாது" என்று அஞ்சி நிறுத்துகின்றனர். இவ்வச்சம் உயிருக்கே உலையாகலாம். அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசம். நாணமே தடையாக நிற்கின்றது.

ஆசிரியர்களுக்கு எமது விண்ணப்பம் ஒன்றுண்டு. பையிற் பம்பு வைத்திருக்கும் மாணவனை அதன் பொருட்டு விளையாட்டிலிருந்து விலக்காதீர். பந்தயத்துக்கு முன் மருந்து எடுக்கும்படி வைத்தியர் கூறியிருப்பின், அனைவரும் காண மைதானத்திலேயே எடுக்க அவனை விடுங்கள்.